விளக்கு வைக்கிற நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

அஸ்தமனத்தைப் படமெடுக்கக் கன்னியாகுமரிக்குத்தான் போக வேண்டும் என்று நம் பக்கத்தில் பலர் நினைக்கிறார்கள். காரைக்குடியைச் சுற்றியுள்ள செம்மண் பொட்டலும் பனையும் ஊருணியும் கண்மாயும் எனக்குப் போதுமாக இருக்கின்றன. கையில் இருப்பது சாதாரண செல்போன்தான்.

முதலில் ஒரு கணக்கு சொல்கிறேன். செல்போன் கேமரா மிக அகலமாகப் பார்க்கும். அதில் சூரியன் படத்தின் அகலத்தில் ஏறக்குறைய 150-இல் ஒரு பங்குதான் வரும். கண்ணுக்குத் தாம்பாளமாகத் தெரிந்தது படத்தில் மிளகாகிவிடும். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் படம் புள்ளி புள்ளியாக உடையும். அதனால் சூரியனைப் பெரிதாகக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள். அதற்கு முன்னால் ஒரு பனையோ, தலையில் புல்லுக்கட்டோடு வருகிறவரோ இருக்கட்டும். குன்றக்குடி மலையைக் கிழக்குப் பக்கம் தள்ளி நின்று பாருங்கள்; மாலையில் மலையும் கோயிலும் ஒரே கறுப்பு வடிவமாக எழுந்து நிற்கும். அங்கே சூரியன் இறங்கும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். ஜூன் கடைசியில் நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 டிகிரி, டிசம்பர் கடைசியில் தெற்கே அதே அளவு. எந்த மாதம் எங்கே நிற்பது என்பதை நடந்து பார்த்துத்தான் பழக வேண்டும்.

படம் வெளுத்துப்போகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தரை இருட்டாக இருப்பதைப் பார்த்துப் போன் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. வானத்தின் சிவப்பு போய்விடுகிறது. திரையில் சூரியனுக்குச் சற்றுத் தள்ளி வானத்தைத் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் ஒரு சின்ன சூரியக் குறி வரும். அதை நகர்த்தி வெளிச்சத்தைக் குறைத்தால் நிறம் திரும்பிவிடும். பழைய சிறிய டிஜிட்டல் கேமரா என்றால், வானத்தைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு, அப்புறம் வேண்டிய பக்கம் திருப்பி முழுக்க அழுத்துங்கள். கண் வைத்துப் பார்க்கும் துளை உள்ள கேமராவில், வெயில் சுள்ளென்று இருக்கும்போது அந்தத் துளை வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த படம் வெட்டவெளியில் எடுத்ததல்ல; வீட்டுக்குள் எடுத்தது. நம் பெரிய வீடுகளில் முகப்பு, நடு முற்றமான வளவு, பின்கட்டு என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் போகும். எங்கள் வீடு கிழக்கு மேற்காக நீண்டது. பின்வாசலுக்கு அப்பால் வெறும் பொட்டல். மார்ச் 21, செப்டம்பர் 23-ஐ ஒட்டிச் சூரியன் நேர் மேற்கில் இறங்கும். அந்த நாட்களில் மாலை வெயில் பின்வாசலில் நுழைந்து, வாசல் வாசலாகத் தாண்டி, முகப்பு வரை வரும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் அந்தச் சிவப்பு விழுந்து கிடப்பதை முதன்முறை பார்த்தபோது படமெடுக்கவே மறந்து நின்றுவிட்டேன். மறுநாள் போனைக் கிட்டத்தட்டத் தரையிலேயே வைத்து எடுத்தேன். தேக்குத் தூண்களின் நிழல் வளவு நீளத்துக்கும் கிடந்தது.

சூரியன் மறைந்ததும் ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்ட மாலைகளில், சூரியன் போன பிறகுதான் மேல் மேகங்களில் நிறம் ஏறும். கீழே இறங்கிவிட்ட சூரியனின் ஒளி அடியிலிருந்து அவற்றில் படுகிறது. ஆனால் நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தி சீக்கிரம் முடிந்துவிடும். 20 நிமிடம் கிடைத்தால் பெரிது.

ஒரு கார்த்திகை மாலையில் அப்பத்தா வாசல் மாடத்தில் விளக்கு வைப்பதை எடுக்க நினைத்தேன்.

"கொஞ்சம் பொறுத்து ஏத்துங்க அப்பத்தா" என்றேன்.

"விளக்கு வைக்கிற நேரத்தைத் தள்ளக் கூடாதுடா" என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள்.

அப்போது எடுத்த படத்தில் வானம்தான் பளிச்சென்று இருந்தது. சுடர் இருந்த இடமே தெரியவில்லை. சரி என்று போனைத் திண்ணைத் தூணில் சாய்த்து, கை படாமல் எடுக்க மூன்று விநாடி டைமர் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரத்தில் வானம் கருநீலமாக இறங்கி, சுடரும் அதுவும் ஒரே அளவு வெளிச்சத்துக்கு வந்தன. அப்பத்தா இன்னும் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தின் ஒரு பக்கம் விளக்கின் மஞ்சள், மறுபக்கம் வானத்தின் நீலம். அந்தப் படம்தான் இப்போது எங்கள் முகப்பில் மாட்டியிருக்கிறது.

வணக்கம்.