பட்டவராயனுக்கு ஒரு ஜோடி செருப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

சமுதாய நல்லிணக்கத்துக்கு நினைவுச்சின்னங்கள் என்ன செய்ய முடியும் என்று பேச அழைத்திருக்கிறார்கள். நம்ம பக்கத்தில் இந்தப் பேச்சை எடுத்தாலே கண் முன்னால் வந்து நிற்பது இரும்புக் கம்பிதான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால் ஊருக்கு ஊர் தலைவர் சிலை, சிலையைச் சுற்றிக் கூண்டு. சாதி ஒழிய வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவருக்கும் அதே கூண்டு. பிறந்தநாளுக்குப் பூட்டைத் திறந்து மாலை போட்டுவிட்டு, திரும்பவும் பூட்டிவிட்டுப் போகிறார்கள்.

பெயரும் அப்படித்தான் ஆனது. 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்த பெயரில் சாதித் தகராறு மூண்டு, கடைசியில் எல்லாக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் பழையபடி திருநெல்வேலி ஆனது அந்த வகையில்தான்.

ஆனால், யாரும் கூண்டு போடாத ஒரு சின்னம் நம்மிடம் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கம் பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க் குடில் போட்டுத் தங்குகிறோமே, அதே கோயில்தான். அங்கே பட்டவராயன் சன்னதியில் நேர்த்திக்கடன் என்ன தெரியுமா? செருப்பு. தோல் செருப்பு வாங்கிக்கொண்டுபோய்ச் சாமிக்குக் கட்டுகிறார்கள். அடுத்த வருஷம் பார்த்தால் அந்தச் செருப்பு தேய்ந்திருக்கும், ராத்திரியில் பட்டவராயன் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறார் என்று நம்பிக்கை. வேறு கோயிலில் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போகிறவர், இங்கே அதைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்.

காரணம் வில்லுப்பாட்டில் இருக்கிறது. பட்டவராயனாகச் சாமியான முத்துப்பட்டன் பிராமணப் பிள்ளை. பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டுப் பெண்கள் இருவர் மேல் ஆசைப்பட்டு அவர்கள் தகப்பன் வாலப்பகடையிடம் போய்க் கேட்கிறான். லேசில் கொடுக்கவில்லை அந்த மனுஷன். பூணூலை அறு, குடுமியை எடு, செருப்பு தைத்து விற்றுக் காட்டு என்கிறான். பட்டன் செய்து காட்டுகிறான். பிறகு மாமனாரின் மாட்டுக் கிடையை மீட்கப் போய்ச் சண்டையில் சாகிறான். பெண்கள் இருவரும் தீயில் இறங்குகிறார்கள்.

பின்னால் வந்த ஒரு கதை வடிவத்தில், அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே, வளர்ந்த இடம்தான் வேறு என்று ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். யாருக்கோ உறுத்தியிருக்கிறது. ஆனாலும் கதையில் ஒட்டுப் போட்டவர்களால் நேர்த்திக்கடனில் கை வைக்க முடியவில்லை. வருஷா வருஷம் ஜனங்கள் செருப்போடுதான் போகிறார்கள். கதையாக மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் சுத்தமாக மாற்றி எழுதியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் பள்ளிவாசலும் இதே ரகம்தான். மண்டபத் தூண்களைப் பார்த்தால் கோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று தோன்றும். இந்துக் குடும்பங்கள் நேர்ந்துகொண்டு வருவது அங்கே புதுச் செய்தியே இல்லை. உவரியில் ஒரே கடற்கரையில் சுயம்புலிங்க சுவாமியும் இருக்கிறார், அந்தோணியாரும் இருக்கிறார். நல்லிணக்கம் என்று யாரும் போர்டு எழுதி வைக்கவில்லை.

அரசு கட்டியதில் என்னை யோசிக்க வைத்தது சமத்துவபுரம். 1997-ல் அறிவித்து, முதல் ஊரை 1998-ல் மதுரைப் பக்கம் மேலக்கோட்டையில் திறந்தார்கள். நூறு வீடு: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவருக்கு 10. தெரு பிரியாமல் கலந்து கொடுத்தார்கள். வாசலில் பெரியார் சிலை. போட்டோ எடுக்கிறவர்கள் சிலையைத்தான் எடுப்பார்கள். நான் பெரிதாக நினைப்பது எல்லோருக்கும் ஒரே சுடுகாடு என்ற ஏற்பாட்டை. நம்ம ஊர்களில் சண்டை பாதி அங்கேயும் அங்கே போகிற பாதையிலும்தானே.

அதனால், உங்கள் ஊரில் நல்லிணக்கத் தூண் வைக்கிறோம் என்று யாராவது பணத்தோடு வந்தால் மறுக்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஆற்றில் ஒரு படித்துறையோ, மழைக்கு ஒதுங்க ஒரு நிழற்குடையோ கட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். தூண்தான் என்று பிடிவாதம் பிடித்தால், அடியில் நாலு பேர் உட்கார ஒரு திண்ணையாவது வையுங்கள். இடம் மட்டும் எந்தத் தெருவின் முனையிலும் வேண்டாம். பஸ் நிற்கிற பக்கமாகப் பாருங்கள்.

வணக்கம்.