பாக்டீரியா மாதிரி இருந்தும் பாக்டீரியா இல்லை

வணக்கம் மக்களே. நுண்ணுயிர்களை எப்படி வகை பிரிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. பள்ளிக்கூடத்தில் உருண்டையாக இருந்தால் காக்கஸ், குச்சியாக இருந்தால் பேசிலஸ், சுருளாக இருந்தால் ஸ்பைரில்லம் என்று படம் வரைந்திருப்போம். மதிப்பெண் வாங்க அது போதும். யாருக்கு யார் சொந்தம் என்று கண்டுபிடிக்க அது உதவவே உதவாது. யானையையும் எலியையும் ஒப்பிட எலும்பு இருக்கிறது, பல் இருக்கிறது. ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளக் குச்சியில் எதைப் பார்ப்பது?

1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சாயம் ஏற்றிப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆல்கஹாலில் கழுவிய பிறகும் ஊதா நிறம் போகாமல் நின்றால் கிராம் பாசிட்டிவ். ஊதா போய், அடுத்து ஊற்றும் சிவப்புச் சாயம் ஏறினால் கிராம் நெகட்டிவ். மருத்துவ ஆய்வகங்களில் இன்றைக்கும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். ஆனால் இதில் தெரிவது செல்சுவரின் அமைப்பு மட்டும்தான், வம்சம் இல்லை.

சரி, பாறையில் தேடலாமா? பூமிக்குச் சுமார் 454 கோடி வயது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் 348 கோடி ஆண்டுப் பழைய ஸ்ட்ரோமடோலைட் பாறைகள் கிடைத்திருக்கின்றன. நுண்ணுயிர்ப் படலம் ஒன்று மண்துகளைப் பிடித்துவைக்கும், மண் மூடியதும் அதற்கு மேலே மறுபடி வளரும். அப்படி அடுக்கடுக்காக எழும்பிய மேடு அது. அங்கே அப்போதே உயிர் இருந்திருக்கிறது என்று இதை வைத்துச் சொல்லலாம். எந்த நுண்ணுயிர் என்று கேட்டால் பாறையிடம் பதில் இல்லை.

பதில் உயிரோடு இருக்கும் செல்லுக்குள்ளேயே கிடந்தது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த கார்ல் வோஸ் அதை எடுத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. எல்லா செல்லிலும் ரைபோசோம் உண்டு, புரதம் தயாராகும் இடம் அது. அதிலிருக்கும் ஆர்என்ஏ, அதாவது டிஎன்ஏவுக்கு நெருங்கிய உறவான மூலக்கூறு, மிக மெதுவாகத்தான் மாறும். அதனால் இரண்டு நுண்ணுயிர்களின் ஆர்என்ஏவை ஒப்பிட்டால் அவை எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று தெரியும். கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த ஊடகத்தில் நுண்ணுயிரை வளர்ப்பார்கள். அப்புறம் அந்த ஆர்என்ஏவைப் பிரித்தெடுத்து நொதியால் துண்டு துண்டாக வெட்டி, மின்புலத்தில் ஓடவிட்டு, மேலே எக்ஸ்ரே ஃபிலிமை வைப்பார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு கரும்புள்ளியாக விழும். வோஸ் அந்த ஃபிலிமை விளக்குப் பலகையில் போட்டு, புள்ளி புள்ளியாகப் படிப்பார். வருடக்கணக்கில் இதே வேலை. எனக்கெல்லாம் ஒரு வாரம்கூடப் பொறுமை இருந்திருக்காது.

ஒருநாள் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றின் ஃபிலிம் வந்தது. எல்லா பாக்டீரியாவிலும் தவறாமல் விழும் சில புள்ளிகளை அதில் காணோம். மைக்ராஸ்கோப்பில் அசல் பாக்டீரியா மாதிரியே இருப்பது, உள்ளே வேறொரு வம்சம்! 1977-இல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதை வெளியிட்டார்கள். சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. 1990-இல் உயிர்களெல்லாம் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என்ற மூன்று பெரும்பிரிவுகளாகப் பெயர் பெற்றன. அந்த மீத்தேன்காரர் சேர்ந்தது ஆர்க்கியாவில். மனிதன், மரம், காளான், அமீபா எல்லாம் யூகேரியாவில் ஒரே கூட்டம்.

மூன்றிலும் ரைபோசோம் இருக்கிறது என்றால், மூன்றுக்கும் பொதுவான மூதாதையிடமும் அது இருந்திருக்க வேண்டும். லூக்கா என்று சுருக்கமாகச் சொல்வது அந்த மூதாதையைத்தான். இன்னொன்றும் உண்டு. அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதமாக்கும் வேலையை ரைபோசோமில் செய்வது புரதம் இல்லை, ஆர்என்ஏ. ரைபோசோமின் கட்டமைப்பைப் படம்பிடித்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009-இல் நோபல் கொடுத்தார்கள். புரதத்துக்கு முன்பே ஆர்என்ஏவை நம்பி உயிர் தொடங்கியிருக்கலாம் என்ற கருத்துக்கு இதைவிட வலுவான சான்று வேறு இல்லை என்பது என் எண்ணம்.

மூன்று பிரிவு என்பதும் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது. 2015-இல் ஆர்க்டிக் கடலடி வண்டலில் லோகி ஆர்க்கியா என்ற புது ஆர்க்கியா வகையின் மரபணுக்கள் கிடைத்தன. நம் செல்லுக்கே உரியவை என்று நினைத்திருந்த சில மரபணுக்கள் அதில் இருந்தன. ஜப்பானியக் குழு ஒன்று இதன் உறவுக்காரனை ஆழ்கடல் சேற்றிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்க்கப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரண்டாகும். இவருக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும்! 2020-இல் வெளியான படத்தைத் திரையில் பாருங்கள், செல்லிலிருந்து நீண்ட கைகள் கிளைவிட்டுப் போகின்றன. யூகேரியாவே ஆர்க்கியாவுக்குள் முளைத்த ஒரு கிளைதான் என்று இப்போது பலர் சொல்கிறார்கள்.

வைரஸ் எங்கே என்று கேட்பீர்கள். அவற்றுக்கு ரைபோசோமே கிடையாது, ஆகவே ரைபோசோம் ஆர்என்ஏவை வைத்து வரைந்த இந்த வம்ச மரத்தில் இடமும் இல்லை. 1971-இல் டேவிட் பால்டிமோர் அவற்றை வேறு வழியில், மரபுப்பொருள் டிஎன்ஏவா ஆர்என்ஏவா, அதிலிருந்து எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான குறிப்பை ரைபோசோமுக்குக் கொண்டுபோகும் ஆர்என்ஏ) எப்படி உருவாகிறது என்று பார்த்துப் பிரித்தார். அந்தக் கதை அடுத்த வீடியோவில்.