குழி என்றால் குழிதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். ‘பிள்ளைகளுக்குப் புரிவது குழியாடியா, கான்கேவ் மிரரா?’ என்பது இன்றைய கேள்வி. இரண்டும் உள்பக்கமாகக் குழிந்த கண்ணாடியின் பெயர்தான், ஒன்று தமிழ், ஒன்று இங்கிலீஷ். நான் குழியாடி கட்சி.

எனக்கு முன் பேசியவர் கான்கேவ் என்ற சொல் ஏதோ வானத்திலிருந்து இறங்கியதுபோலப் பேசிவிட்டுப் போனார். அது லத்தீன் சரக்கு. ‘கவுஸ்’ என்றால் உள்ளே குடைந்தது, பொள்ளலானது. குகையைச் சொல்லும் ‘கேவ்’, சொத்தைப் பல்லுக்குச் சொல்லும் ‘கேவிட்டி’ எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் இங்கிலீஷ் பேசும் பிள்ளைக்கே இது சட்டென்று பிடிபடுவதில்லை. ‘கான்கேவுக்குள் ஒரு கேவ் இருக்கிறது பார்’ என்று குகையைக் காட்டித்தான் அங்கே மனத்தில் பதிய வைக்கிறார்கள். அவர்கள் சொல்லுக்குள் தேடி எடுக்கிற பள்ளம், நம் சொல்லில் வாசலிலேயே கிடக்கிறது. பல்லாங்குழி ஆடிய கைக்கும் கன்னக்குழி பார்த்த கண்ணுக்கும் உரை எழுத வேண்டுமா? (தஞ்சாவூர்ப் பக்கம் 100 குழி ஒரு மா என்பார்கள். அந்தக் குழி நில அளவு, பள்ளம் இல்லை. எதிரணி பிடித்துக்கொள்ளுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.)

நண்பர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். ‘இணையாக வரும் ஒளியைக் குவிப்பது குழியாடி, விரிப்பது குவியாடி. பிள்ளை குழம்பாதா?’ குழம்பும். நானே குழம்பி மதிப்பெண் விட்டவன். ஆனால் இந்தப் பெயர்கள் வேலையைப் பார்த்து வைத்தவை அல்ல, உருவத்தைப் பார்த்து வைத்தவை. நெற்குவியல்போல முதுகு புடைத்திருப்பதால் அது குவியாடி. அதையே இங்கிலீஷில் கான்வெக்ஸ் என்று சொன்னால் மட்டும் ஒளி எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடுகிறதா?

வீட்டில் பணியாரக் கல்லை எடுங்கள். மாவு ஊற்றும்போது கல்லில் குழி. வெந்ததைக் கம்பியால் புரட்டினால், அதே வளைவு பணியாரத்தின் முதுகில் புடைத்து நிற்கும். குழிவும் குவிவும் ஒரே வளைவின் இரண்டு பக்கம். அப்புறம் பளபளக்கும் எவர்சில்வர் கரண்டி ஒன்றை முகத்துக்கு நேரே பிடியுங்கள். குழிந்த பக்கத்தில் நீங்கள் தலைகீழ். திருப்பினால் நிமிர்ந்துவிடுவீர்கள், ஆனால் சிறுத்துப்போய், மூக்கு மட்டும் துருத்திக்கொண்டு.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒரு சலுகை தருகிறேன், நடுவர் அவர்களே. குவியாடி குழப்புகிறது என்றால் ‘புடையாடி’ என்று மாற்றிக்கொள்ளட்டும், நான் தடுக்கவில்லை. குழியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.