மதிப்பெண் வாசல் வரைதான்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சை படித்தவன் நான். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால், தெரிந்தவர் யாராவது தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "ஸ்டெப் டூவில எவ்வளவு எடுத்தா சர்ஜரி கிடைக்கும், அங்கிள்?" இதுதான் முதல் கேள்வி. அமெரிக்காவில் ரெசிடென்சி என்கிற மேற்படிப்பில் சேர எழுதுகிற தேர்வில் இரண்டாம் கட்டம்தான் ஸ்டெப் டூ. நம் மேற்படிப்புத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் பழகிய மனசு அப்படித்தான் கேட்கும். இங்கே ரேங்க் வந்தால் கவுன்சலிங்கில் இடம். முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கே மதிப்பெண் வாசல் வரை கூட்டிப் போகும், அவ்வளவுதான். முதல் கட்டமான ஸ்டெப் ஒன்னுக்கோ 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண்ணே கிடையாது. பாஸா, ஃபெயிலா என்று மட்டும் சொல்வார்கள்.

முதல் தடவை விண்ணப்பித்தபோது எனக்கு இடம் கிடைக்கவில்லை. மதிப்பெண்ணில் குறை இல்லை. மருத்துவர்கள் எழுதித் தருகிற பரிந்துரைக் கடிதங்களில்தான் கோளாறு. "கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்" என்று மூன்று பேரும் எழுதியிருந்தார்களாம். என் பெயரை அடித்துவிட்டு யார் பெயரை எழுதினாலும் பொருந்தும். அப்புறம் 'பிரிலிமினரி' என்ற ஒரு வருட இடத்தில் சேர்ந்தேன். அடுத்த வருடம் வேலை உண்டா என்று உத்தரவாதம் கிடையாது. அங்கே நின்றபோதுதான் விஷயம் புரிந்தது. பொது அறுவை சிகிச்சை ஐந்து வருடம், நரம்பியல் அறுவை சிகிச்சை ஏழு வருடம். அத்தனை காலம் இரவு டூட்டியில் தங்கள் பக்கத்தில் நிற்கப் போகிற ஆளைத்தான் அவர்கள் தேடுகிறார்கள்.

அந்த ஆள் தெரியவருவது 'சப்-ஐ' என்று சொல்கிற நான்கு வாரப் பயிற்சியில். மாணவர் ஒரு யூனிட்டில் சேர்ந்து ஜூனியர் டாக்டர் மாதிரி வேலை செய்வது அது. வேறு ஊரிலிருந்து ஒரு மாணவி எங்கள் யூனிட்டுக்கு வந்தார். கோட் பையில் காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி, டேப், கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் பின் எடுக்கிற கருவி எல்லாம் இருக்கும். ரவுண்ட்ஸில் நான் கட்டைப் பிரித்து நிமிர்வதற்குள் புது காஸ் கைக்கு வந்துவிடும். பேன்ட் நாடாவில் வரிசையாகப் பட்டு நூல் முடிச்சுகள். சாப்பிடுகிற நேரத்தில் போட்டுப் பழகியவை.

ஒரு நாள் பித்தப்பை ஆபரேஷனில் சீஃப் கேட்டார், "காலோ முக்கோணத்தின் மேல் எல்லை எது?" பித்தப்பையை எடுக்கும்போது அடையாளம் பார்க்கிற இடம் அது, காலோ என்ற மருத்துவரின் பெயரில். கல்லீரலின் விளிம்பு என்றார் அந்தப் பெண். சரியான பதில். "காலோ அப்படித்தான் எழுதினாரா?" என்றார் சீஃப். "தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன்." சாயங்காலம் அந்தப் பெண்ணே தேடி வந்தார். 1891இல் காலோ சொன்ன மேல் எல்லை பித்தப்பைத் தமனி, கல்லீரல் அல்ல என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னால் சீஃப் எழுதிய கடிதத்தில் இந்தச் சம்பவம்தான் இருந்தது. கடிதம் என்றால் அது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். நோயாளியைத் தொட்டு வேலை செய்கிற எலெக்டிவ், அதாவது அங்குள்ள மருத்துவமனையில் குறுகிய காலப் பயிற்சி, பெரும்பாலும் மாணவராக இருக்கும்வரைதான் கிடைக்கும். பட்டம் கைக்கு வந்துவிட்டால் அநேக இடங்களில் 'அப்சர்வர்', ஓரமாக நின்று பார்க்கலாம். ஓரமாக நின்றவரைப் பற்றி யார் என்ன எழுத முடியும்? அதனால் கடைசி வருடத்துக்கு முன்பே திட்டம் போடுங்கள். ஹவுஸ் சர்ஜன் ஆன பிறகு யோசிப்பவர்கள்தான் அதிகம். நானும் அந்தக் கோஷ்டிதான்.

விண்ணப்பத்தில் பத்து அனுபவங்களுக்குத்தான் இடம். அதில் மிக முக்கியமானவை மூன்று என்று நீங்களே குறிக்க வேண்டும். ரத்த தான முகாமில் நின்று போட்டோ எடுத்ததையெல்லாம் போட்டு நிரப்பாதீர்கள். 'சிக்னல்' என்று ஒன்றும் வந்திருக்கிறது; எங்கே நிஜமாகவே விருப்பம் என்று முன்கூட்டிச் சொல்வது. எலும்பு அறுவை சிகிச்சைக்கு 30 சிக்னல். பெரிய பெயர்களுக்கே எல்லாவற்றையும் வாரி இறைத்தால் வீண்.

நேர்முகம் முடிந்து வரிசைப் பட்டியல் போடும்போது, 'இவர்கள் நம்மை எடுப்பார்களா' என்று கணக்குப் போட வேண்டாம். மனசுக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். உங்கள் பட்டியலையும் மருத்துவமனைகளின் பட்டியலையும் பொருத்தி இடம் ஒதுக்குகிற 'மேட்ச்' கணக்கை இப்போதைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஆல்வின் ராத், 2012இல் பொருளாதார நோபல் பெற்றவர். மேலே எழுதிய இடம் கைவிட்டாலும், கீழே இருக்கிற இடத்துக்கான உங்கள் வாய்ப்பு அதில் குறையாது.

எந்த இடம் என்ற முடிவு மார்ச் மூன்றாவது வெள்ளிக்கிழமை வரும். நியூயார்க்கில் பகல் 12 மணி, சென்னையில் இரவு ஒன்பதரை. இரண்டாவது தடவை எனக்கு இடம் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார் அம்மா. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் கேட்டார், "அந்த ஊர்ல ரொம்பக் குளிருமாடா?"

நன்றி, வணக்கம்.