ஆசைப்பட்ட வேலையும் அமைந்த வேலையும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பணியில் என் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, அப்பாவோ மாமாவோ துணைக்கு வர, பதிவு செய்ய வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், அதே பிள்ளைகளை இளைஞர்களாகவும், பிறகு கைக்குழந்தையோடு வரும் பெற்றோராகவும் மீண்டும் பார்க்கும் வாய்ப்பும் எங்களுக்குக் கிடைத்தது. ஒருவருடைய பதிவில் முதலில் பத்தாம் வகுப்பு இருக்கும், அடுத்து தட்டச்சு சேரும், பின்னர் ஐ.டி.ஐ. பிட்டர் சான்றிதழ் வரும். சில ஆண்டுகள் கழித்து நடத்துநர் உரிமம் வந்து சேரும். சிறுவயதில் விரும்பிய வேலை, முதலில் கிடைத்த வேலை, கடைசியில் நிலைத்த வேலை ஆகிய மூன்றுக்கும் என்ன உறவு என்பதை அந்தப் பதிவுகளை வைத்துத்தான் நான் யோசிக்கத் தொடங்கினேன்.

சிறுவர்களின் ஆசை, அவர்கள் கண்ணில் பட்ட வேலைகளின் எல்லைக்குள்தான் பெரும்பாலும் பிறக்கிறது. ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு, பெரிய பேருந்தை அந்த வளைவில் திருப்பிக் கொண்டுபோகும் ஓட்டுநரைவிடப் பெரிய மனிதர் மலைக் கிராமத்துச் சிறுவனுக்கு வேறு யார் இருக்க முடியும்? மலையிலிருந்து வந்த பையன்களிடம் சின்ன வயதில் என்ன ஆக விரும்பினாய் என்று கேட்டால், டிரைவர் என்ற பதில் தயங்காமல் வரும். பெண் பிள்ளைகள் டீச்சர் என்பார்கள், நர்ஸ் என்பார்கள். காப்பித் தோட்டத்துக் குடியிருப்பில் வளர்ந்த பெண் பார்த்த, சம்பளம் வாங்கும் படித்த பெண்கள் அந்த இரு வகையினர் மட்டுமே. சமவெளியில் ஒரு காலத்தில் எல்லோருடைய ஆசையும் இரும்பாலை வேலையாக இருந்தது. 1970-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1981-இல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை, இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்த ஒரு தலைமுறையையே பிட்டராகவும் வெல்டராகவும் கனவு காண வைத்தது. 2007-இல் சேலம் ரயில்வே கோட்டம் அமைந்தபோது அந்தக் கனவு ரயில்வேயின் பக்கம் திரும்பியது.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. பதினைந்து வயது மாணவர்களிடம் பல நாடுகளில் நடத்திய ஆய்வை வைத்து, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 41 நாடுகளில், பையன்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும், முப்பது வயதில் தாங்கள் செய்யப்போவதாகச் சொன்ன வேலைகள் வெறும் பத்துக்குள் அடங்கிவிட்டன. அமெரிக்க அறிஞர் லிண்டா காட்ஃப்ரெட்சன் 1981-இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தார். குழந்தைகள் தங்களுக்கான வேலையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை என்றும், இது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது, இது நமக்குக் கௌரவக் குறைவு என்றும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருகிறார்கள். தனக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கும் பதினான்கு வயதில் மிச்சம் இருப்பவை சிலவே என்பது அவருடைய கருத்து. நான் மேசைக்கு இப்புறம் அமர்ந்து கண்டதும் அதுதான். கேட்ட மாத்திரத்தில் பதில் சொன்ன பிள்ளைகளைவிட, பதில் சொல்லாமல் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்த பிள்ளைகளே என்னை அதிகம் வருத்தினார்கள்.

முதல் வேலை இந்த ஆசைக்கெல்லாம் காத்திருப்பதில்லை. வீட்டுக்கு அருகில் எது இருக்கிறதோ அதுவே முதல் வேலை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் அது வெள்ளிப் பட்டறை. நெசவாளர் தெருக்களில் அது தறி. மலையில் அது காப்பித் தோட்டம். எனக்கு நன்கு தெரிந்த ஓர் இளைஞர், போலீஸ்காரர் ஆக வேண்டும் என்று சிறுவயது முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர், பள்ளி முடித்ததும் கொலுசுப் பட்டறையில்தான் உட்கார்ந்தார். கம்பியை நறுக்கி, வளைத்து, கண்ணியாகக் கோத்து, இணைப்பில் பொடி வைத்துத் தீயை ஊதிப் பற்றவைக்க வேண்டும். தீ கொஞ்சம் கூடினால் கண்ணியே உருகிவிடும். குறைந்தால் பற்று விட்டுப்போகும். அரிசி மணியைவிடச் சிறிய அந்த இடத்தில், எந்தக் கணத்தில் தீயை விலக்க வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. உயரம் போதாமல் காவலர் தேர்வில் விலக்கப்பட்ட அவர், ஓராண்டு மனம் உடைந்து கிடந்துவிட்டு, பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் கூடம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்தார். இன்று அந்தத் தொழிலில் அவர் தேர்ந்த கை. பிறர் மாதக்கணக்கில் பழக வேண்டியிருந்த நுண்வேலை தமக்கு முதல் வாரத்திலேயே கைவந்ததற்குக் காரணம் பட்டறைதான் என்று அவரே என்னிடம் சொன்னார். ஆசைப்பட்டது ஒன்று, அமைந்தது வேறொன்று. ஆனால் இரண்டுக்கும் நடுவே, யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத அந்த முதல் வேலை அவருக்கு ஒரு கையைக் கொடுத்திருந்தது.

மலையில் வளர்ந்து கிராமச் சுகாதாரச் செவிலியரான ஒரு பெண்மணியும் இதையே வேறு விதமாகச் சொன்னார். சிறுவயதில் அவர் ஆசைப்பட்டது ஆசிரியர் வேலைக்கு. பள்ளி இறுதித் தேர்வு முடிந்த கையோடு அவர் செய்த முதல் வேலை, களத்தில் காய்ந்த காப்பிக் கொட்டையில் கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்கித் தனியே எடுப்பது. நாள் முழுவதும் ஒரே மாதிரியான கொட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் கண் சலிக்காமல், மாறுபட்ட ஒன்றை உடனே பிடிக்கும் பழக்கம் அங்கே வந்தது என்றார். தடுப்பூசிப் பதிவேட்டில் விடுபட்டுப்போன குழந்தையின் பெயர் இப்போது அப்படித்தான் அவர் கண்ணில் படுகிறது.

இவற்றைச் சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அப்துல் கலாம் சிறுவயதில் நாளிதழ் விநியோகித்ததையும், விமானப் படையில் விமானி ஆக விரும்பி அது கைகூடாமல் ராக்கெட் துறைக்கு வந்ததையும் மேடைதோறும் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு, சிறுவர்களை வேலைக்கு அனுப்புவதற்குச் சாக்காகிவிடக் கூடாது. பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் கூறுகிறது. பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு இருக்கிறது. கொலுசு வேலை வீட்டுத் திண்ணையிலேயே நடக்கும் நம் ஊரில், அந்த விலக்கு எங்கே முடிகிறது என்பதைப் பெற்றோர்கள்தாம் மனச்சாட்சியோடு பார்க்க வேண்டும். நான் மதிக்கும் முதல் வேலை, பள்ளிப் படிப்பை முடித்தவர் செய்யும் வேலை.

பெரியவர்களின் வாழ்க்கையிலும் இந்தத் திருப்பங்களைக் காணலாம். சேலம் விஜயராகவாச்சாரியார் ஆசிரியராகத் தொடங்கி, வகுப்புக்குப் போகாமலே சட்டத் தேர்வு எழுதி வழக்கறிஞரானவர். 1920-இல் நாகபுரி காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படித்தது ஜவுளித் தொழில்நுட்பம். காலம் தவறாமை, சம்பள ஒழுங்கு, தளங்கள் அனைத்தும் ஒரே வளாகத்தில் என்று ஓர் ஆலையை நடத்துவதுபோல் அவர் படப்பிடிப்பு நிலையத்தை நடத்தினார் என்பார்கள். ஜவுளிப் படிப்பு வீணாகிவிட்டது என்று அவரைப் பார்த்து யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. பிள்ளைகளிடம் என்ன ஆகப்போகிறாய் என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த வேலையைச் செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை என்றும் கேளுங்கள். அடுத்து, அவர்கள் பார்க்கும் வேலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இப்போது தொழில்நெறி வழிகாட்டும் மையங்களாகவும் இயங்குகின்றன; 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் மாணவர்களுக்காகவே இருக்கிறது. அவற்றோடு, கோடை விடுமுறையில் ஒரு நாள் உங்கள் பிள்ளையை, உங்கள் உறவில் யாரும் செய்யாத ஒரு வேலை நடக்கும் இடத்துக்கு, உரியவரிடம் அனுமதி பெற்று அழைத்துச் செல்லுங்கள். ஆய்வுக்கூடமாக இருக்கலாம், அச்சகமாக இருக்கலாம், மண் பரிசோதனை நிலையமாக இருக்கலாம். அங்கே வேலை செய்பவரிடம், உங்கள் முதல் வேலை என்ன என்று உங்கள் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.

வணக்கம்.