சிறிய கல்லூரி, பெரிய கட்டணம்: கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்

அவைக்கு வணக்கம்.

அமெரிக்காவில் உள்ள ஒரு சிறிய தனியார் பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு பணத்தைக் கொட்டிக் கொடுக்கலாமா, அந்தப் பட்டம் வேலைக்கு உதவுமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் தன் பெயரில் வாங்கும் அமெரிக்க மத்திய அரசுக் கடனுக்குள் கணக்கு அடங்கினால், கொடுக்கலாம். அதற்கு மேல் அப்பாவோ அம்மாவோ கடன் வாங்கித்தான் சேர்க்க முடியும் என்றால், பெரும்பாலும் கூடாது. இதை ஏற்காதவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். காரணத்தைக் கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

முதலில் யாரைப் பற்றிப் பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், சுவார்த்மோர் ஆகியவையும் சிறிய தனியார் கல்லூரிகள்தாம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் மாணவர்கள், அல்லது அதற்கும் குறைவு. ஆனால் அவற்றின் அறக்கட்டளை நிதி பல நூறு கோடி டாலர். குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டு, மீதியைக் கடனாக அல்லாமல் மானியமாகவே கொடுத்துவிடுகிறார்கள். கெண்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி 1892 முதல் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக எல்லா மாணவர்களும் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். இங்கெல்லாம் இடம் கிடைத்தால் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்காமல் போய்ச் சேருங்கள். நான் பேசப்போவது பெரிய சேமிப்பு இல்லாமல், ஆண்டுதோறும் மாணவர்கள் கட்டும் பணத்தைக் கொண்டே சம்பளம் கொடுக்கும் நூற்றுக்கணக்கான கல்லூரிகளைப் பற்றி. நமக்கு வரும் அனுமதிக் கடிதங்களில் பாதி அங்கிருந்துதான் வருகின்றன.

அந்தக் கல்லூரிகளின் இணையதளத்தில் போட்டிருக்கும் கட்டணத்தைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். அதை ஏறக்குறைய யாரும் கட்டுவதில்லை. கல்லூரி நிதி அதிகாரிகளின் சங்கமான நாக்யூபோ ஆண்டுதோறும் ஓர் ஆய்வு வெளியிடுகிறது. அதன்படி 2023-24 கல்வியாண்டில் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்களுக்குத் தங்கள் கல்விக் கட்டணத்தில் சராசரியாக 56 சதவீதத்தைத் தாங்களே தள்ளுபடி செய்தன. நூறு டாலர் என்று எழுதிவைத்துவிட்டு நாற்பத்து நான்கு டாலர் வாங்குகிறார்கள். "உங்கள் மகளின் திறமையைப் பாராட்டி ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரம் டாலர் ஸ்காலர்ஷிப்" என்று கடிதம் வரும்போது வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்குகிறது. கலங்கட்டும், தவறில்லை. ஆனால் அதே போன்ற கடிதம் அந்த வகுப்பில் சேரும் பெரும்பாலோருக்கும் போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சில கல்லூரிகளுக்கே இந்த விளையாட்டு அலுத்துவிட்டது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 2019-20இல் தன் கட்டணத்தை 52,000 டாலர் அளவிலிருந்து 35,000 டாலராகக் குறைத்து வெளிப்படையாகவே அறிவித்தது.

ஆகவே ஒப்பிட வேண்டியது கழிவு போக மிஞ்சும் தொகையைத்தான். 2011 அக்டோபர் முதல் மத்திய அரசின் உதவி பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில் நிகரக் கட்டணத்தைக் கணக்கிடும் கருவி ஒன்றை வைத்தாக வேண்டும் என்பது சட்டம். விண்ணப்பிக்கும் முன்பே அதில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனாலும் எட்டுமா எட்டாதா என்பது தெரிந்துவிடும்.

இங்கே பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. ஸ்காலர்ஷிப் தொகை நான்கு ஆண்டுகளுக்கும் ஒரே அளவில் நிற்கும், கட்டணம் நிற்காது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலாண்டுக் கல்விக் கட்டணம் 45,000 டாலர், ஸ்காலர்ஷிப் 25,000 டாலர். நீங்கள் கட்டுவது 20,000. அதை நான்கால் பெருக்கி எண்பதாயிரம் என்று எழுதிக்கொள்கிறீர்கள். கட்டணம் ஆண்டுக்கு நான்கு சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் ஆண்டு நீங்கள் கட்டுவது 21,800, மூன்றாம் ஆண்டு ஏறத்தாழ 23,700, நான்காம் ஆண்டு 25,600. மொத்தம் 91,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. கட்டணம் நான்கு சதவீதம்தான் ஏறியது. உங்கள் பங்கு ஆண்டுக்கு எட்டு, ஒன்பது சதவீதம் ஏறிவிட்டது. விடுதி, உணவு, காப்பீடு எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. அந்த ஸ்காலர்ஷிப்புக்கு மதிப்பெண் நிபந்தனை இருந்து, இரண்டாம் ஆண்டில் பிள்ளை கொஞ்சம் சறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி கடன். பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளங்கலை மாணவர் தன் பெயரில் மத்திய அரசிடம் வாங்கக்கூடியது முதலாண்டு 5,500 டாலர், அடுத்த ஆண்டு 6,500, பிறகு 7,500, 7,500. நான்கு ஆண்டுகளுக்கு 27,000. ஆண்டு கூடினாலும் மொத்த உச்சவரம்பு 31,000. இந்த வரம்பு போதாது என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். சாதாரண வேலைக்குப் போகும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தாங்கக்கூடிய சுமை ஏறக்குறைய இவ்வளவுதான். கல்லூரியின் விலை இதைத் தாண்டினால் மீதியை யார் தலையில் வைப்பது? இதற்குத்தான் பேரன்ட் பிளஸ் என்ற பெற்றோர் கடன். அதில் கடன் கொடுக்கும்போதே எடுக்கும் பிடித்தம் மட்டுமே நான்கு சதவீதத்துக்கு மேல். வட்டியும் மாணவர் கடனைவிட அதிகம். முன்பெல்லாம் மற்ற உதவி போக மீதிச் செலவு முழுவதையும் அதில் வாங்கலாம். 2025இல் வந்த சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர்தான். அந்த வரம்பைத் தாண்டியும் பள்ளம் இருந்தால் அடுத்து வருவது தனியார் வங்கிக் கடன், அதில் உங்கள் பிணைக் கையெழுத்து. ஐம்பது வயதில், ஓய்வூதியச் சேமிப்பு அரைகுறையாக இருக்கும்போது, அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். படிப்புக்குக் கடன் கிடைக்கும். முதுமைக்கு யாரும் கடன் கொடுப்பதில்லை.

"சரி ஐயா, அத்தனை செலவுக்கும் நல்ல வேலை கிடைத்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளில் விண்ணப்பித்து, ஒரே மாதிரி அனுமதியும் நிராகரிப்பும் பெற்ற மாணவர்களை ஒப்பிட்டார்கள். கடினமாகத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிக்குப் போனவர்களும், இடம் கிடைத்தும் அதைவிட எளிதான கல்லூரிக்குப் போனவர்களும் பின்னாளில் சம்பாதித்தது ஏறக்குறைய சமம். குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகள் இதற்கு விலக்கு. அவர்களுக்குக் கல்லூரியின் தரம் பயன் தந்தது. 2023இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் ஹார்வர்டு போன்ற பன்னிரண்டு கல்லூரிகளை ஆராய்ந்தார்கள். சிறந்த மாநிலப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் சராசரிச் சம்பளத்தில் பெரிய வேறுபாடு இல்லை; ஆனால் உச்ச ஒரு சதவீத வருமானத்தை எட்டும் வாய்ப்பு மட்டும் ஏறத்தாழ ஐம்பது சதவீதம் கூடியது. அந்தப் பன்னிரண்டுக்கே நிலைமை இது. வெளி மாநிலத்தில் பெயரே தெரியாத ஒரு கல்லூரி, தன் பெயருக்காகவே சம்பளம் கூடும் என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். நீங்களும் நம்பாதீர்கள்.

சில தொழில்களில் கல்லூரியின் பெயருக்கு இடமே இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் பெரும்பாலும் பட்டத்தின் நிலையையும் பணியாண்டுகளையும் வைத்து அட்டவணைப்படி தீர்மானிக்கப்படுகிறது. ஆண்டுக்கு ஐம்பதாயிரம் டாலர் கட்டிப் படித்தவரும், பக்கத்தில் உள்ள மாநில அரசுக் கல்லூரியில் படித்தவரும் அதே கட்டத்தில்தான் நிற்பார்கள். செவிலியர் படிப்பிலும் உரிமத் தேர்வில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதுதான் முக்கியம். அந்தத் தேர்ச்சி விகிதத்தைக் கல்லூரிவாரியாகப் பார்க்க முடியும். பொறியியல் என்றால், பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் அபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் அந்தத் துறைக்கு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அப்படியானால் சிறிய கல்லூரிக்குப் பயனே இல்லையா? உண்டு, ஒன்றே ஒன்று. ஆனால் அது பெரியது. பேராசிரியர் உங்கள் பிள்ளையை அறிந்திருப்பார். முந்நூறு பேர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுந்து போகும் மாணவருக்கு, ஆராய்ச்சிப் படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத யாரும் இருக்கமாட்டார்கள். பதினைந்து பேர் வகுப்பில், முதுகலை மாணவர்களே இல்லாத ஆய்வகத்தில், இளங்கலை மாணவர்தான் சோதனை செய்ய வேண்டும். ரீட், கார்ல்டன், ஹார்வி மட் போன்ற சிறிய கல்லூரிகள் தங்கள் அளவுக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் முனைவர்களை உருவாக்குவது தற்செயல் அல்ல. ஆனால் இது தானாக வந்து சேரும் பயன் அல்ல. பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டுகிற பிள்ளைக்குத்தான் கிடைக்கும். உங்கள் மகன் தட்டுவானா? உங்களுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை சிறிய இடத்தில் மலரும் என்பது சில நேரம் உண்மை. சில நேரம் அங்கேயும் ஒளிந்துகொள்கிறது, இன்னும் அதிக விலையில்.

எண்களை எங்கே பார்ப்பது என்றால், காலேஜ் ஸ்கோர்கார்டு என்ற அரசு இணையதளம் இருக்கிறது. துறைவாரியாகப் பட்டதாரிகளின் வருமானம், கடன் இரண்டும் அதில் உண்டு. ஆனால் சிறிய கல்லூரிகளுக்கு வரும்போது ஒரு சிக்கல். ஒரு துறையில் ஆண்டுக்கு எட்டுப் பேரே பட்டம் பெற்றால், தனியுரிமை கருதி அந்த எண்ணை மறைத்துவிடுவார்கள். யாரைப் பற்றித் தெரிய வேண்டுமோ, சரியாக அங்கே வெற்றிடம். அதனால் துறைத் தலைவரிடமே கேளுங்கள்: கடந்த மூன்று ஆண்டுகளில் இந்தத் துறையில் பட்டம் பெற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எட்டுப் பேர்தானே, அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தயக்கமில்லாமல் ஒவ்வொருவரையும் பற்றிச் சொன்னால் நல்ல துறை. "ஆறு மாதத்தில் 95 சதவீதம் பேருக்கு வேலை" என்ற வண்ணத்தாளை நீட்டினால், எத்தனை பேர் பதில் அளித்தார்கள், பகுதிநேர வேலையும் அதில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

பட்டம் முடிப்போர் விகிதத்தையும் பாருங்கள். அரசு அதை ஆறு ஆண்டுக் கணக்கில் வெளியிடுகிறது. நாடு முழுவதும் அது 64 சதவீத அளவில் இருக்கிறது. அதற்கும் கீழே இருக்கும் கல்லூரிக்குத் தனியார் கட்டணம் கட்டுவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. கடன் இருந்து பட்டம் இல்லாத நிலையைவிட மோசமான நிலை இந்த விஷயத்தில் கிடையாது.

கடைசியாக, நம் பெற்றோர் கேட்கவே கூச்சப்படும் கேள்வி: நான்கு ஆண்டு கழித்து இந்தக் கல்லூரி இருக்குமா? பிலடெல்பியாவின் கலைப் பல்கலைக்கழகம் 2024 மே 31 அன்று மூடப்போவதாக அறிவித்தது. ஜூன் 7 அன்று மூடிவிட்டது. ஒரே வாரம். 1856இல் தொடங்கிய பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரியும் அதே மே 31 அன்று கதவைச் சாத்தியது. மாசசூசெட்ஸில் மவுண்ட் ஐடா கல்லூரி 2018இல் திடீரென மூடப்பட்டபோது எழுந்த கோபத்தில், கல்லூரிகளின் நிதிநிலையைக் கண்காணிக்க அந்த மாநிலம் சட்டமே கொண்டுவந்தது. 2007க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்புகள் பெரும்பாலும் குறைந்தே வந்தன. அதனால் பதினெட்டு வயதினரின் எண்ணிக்கை இனி சரியும்; கட்டணத்தை மட்டும் நம்பி வாழும் கல்லூரிகளுக்கு இது நல்ல செய்தி அல்ல. மூடாவிட்டாலும் துறைகளை வெட்டுவார்கள். வர்ஜீனியாவின் மேரிமவுண்ட் பல்கலைக்கழகம் 2023இல் கணிதம், வரலாறு, ஆங்கிலம் உள்பட ஒன்பது இளங்கலைப் பாடப்பிரிவுகளை நீக்க முடிவு செய்தது.

லாபநோக்கற்ற கல்லூரிகள் வரித்துறைக்குக் கொடுக்கும் படிவம் 990 பொது ஆவணம். வரவைவிடச் செலவு தொடர்ந்து கூடுகிறதா என்று அதில் பார்க்கலாம். கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதிப் பொறுப்புக்கு மைனஸ் 1 முதல் 3 வரை மதிப்பெண் போடுகிறது, 1.5க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும்.

பேச்சு முடிந்ததும் ஒரு தாய் எழுந்து கேட்டார்: மகளுக்கு ஒரு சிறிய கல்லூரி மிகவும் பிடித்துவிட்டது, ஆண்டுக்கு எட்டாயிரம் டாலர் மட்டும் இடிக்கிறது, என்ன செய்வது? அவருக்குச் சொன்னதை இங்கேயும் பதிகிறேன். பெரும்பாலான கல்லூரிகளில் சேர்வதை உறுதி செய்ய மே 1 வரை அவகாசம் இருக்கிறது. அதற்குள் நிதி உதவி அலுவலகத்துக்கு எழுதுங்கள். வேலை இழப்பு, மருத்துவச் செலவு, பாட்டியைப் பராமரிக்கும் செலவு என்று வருமானப் படிவத்தில் தெரியாதவை இருந்தால் சான்றுகளோடு அனுப்புங்கள். அதே தரத்திலுள்ள வேறு கல்லூரி அதிகம் கொடுத்திருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள். கெஞ்ச வேண்டாம், கோபப்படவும் வேண்டாம். எவ்வளவு குறைகிறது என்று தொகையை எழுதுங்கள். கூட்டுவதாக இருந்தால், அது நான்கு ஆண்டுக்கும் உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்துவிட்டால், கட்டணம் குறைந்த உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு, மகளுக்குப் பிடித்த அந்தக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டில் சேர முடியுமா, எந்தெந்தப் பாடங்களை ஏற்பார்கள் என்று கேளுங்கள். வகுப்புகளில் இடம் காலியாக இருக்கும் கல்லூரி அந்தக் கேள்விக்கு மறுநாளே பதில் அனுப்பும்.