பத்தாயிரம் அடி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, தண்டையார்பேட்டைப் பெருமக்களே, வணக்கம். எட்டே நிமிஷம்தான் குடுத்திருக்காங்க, வணக்கத்துக்கு இவ்ளோ போதும்.

நவீனத் தொழில்நுட்பம் முதியோர் வாழ்வை வளர்த்ததா, வாட்டியதா? வாட்டியதுன்னு பேச வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு பழைய பாக்கி. எதிரணித் தங்கச்சி போற போக்குல ஒண்ணு சொல்லிட்டுப் போச்சு. "அண்ணன் மூக்குல கண்ணாடி, வாயில கட்டுன பல்லு. தொழில்நுட்பத்தைக் கழட்டி வெச்சிட்டு வந்தா மேடையில பாதி அண்ணன்தான் இருப்பாரு." நீங்களும் கை தட்டுனீங்க. மூணாவது வரிசையில எங்க வீட்டம்மாவும் தட்டுனாங்க, பார்த்தேன்.

இதோ, கண்ணாடியைக் கழட்டிட்டேன். பெருசா ஒண்ணும் கெட்டுடல தங்கச்சி. நீ பேசுன பாயின்ட் மாதிரியே நீயும் மங்கலா தெரியறே, அவ்ளோதான். இத்தாலியில மூக்குக்கண்ணாடி வந்து 700 வருஷம் தாண்டிடுச்சும்மா. பல்லா? அதே இத்தாலியில 2,500 வருஷத்துக்கு முன்னாடியே தங்கப் பட்டை போட்டுப் பல்லைக் கட்டியிருக்காங்க. தலைப்புல 'நவீன'ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அதையும் சேர்த்துப் படிக்கணும்!

கண்புரைக்கு உள்ளே வைக்கிற லென்ஸ் இருக்கே, அதை நான் கும்பிடுறேன். 1949ல லண்டன்ல ஹரால்ட் ரிட்லின்னு ஒரு டாக்டர் வெச்சது. போர் விமானத்தோட பிளாஸ்டிக் சில்லு பைலட் கண்ணுல குத்தியும் உறுத்தாமக் கிடந்ததாம், அதைப் பார்த்து வந்த யோசனை. எங்க நைனாவுக்கே ரெண்டு கண்ணுலயும் அதான் இருக்கு. என் சண்டை அதோட இல்ல, கையில கட்டுறாங்களே, ஸ்மார்ட் வாட்ச், அதோட.

என் தம்பி துபாய்லேர்ந்து அனுப்புனான். நைனா எத்தனை அடி நடந்தாரு, நெஞ்சு எத்தனை தடவை அடிச்சுது, எல்லாம் அங்க அவன் போன்ல தெரியும். தினம் பத்தாயிரம் அடி நடக்கணும்னு உத்தரவு. அந்தப் பத்தாயிரம் எங்கேர்ந்து வந்துது தெரியுமா? 1965ல ஜப்பான்ல அடி எண்ணுற மீட்டர் ஒண்ணு வித்தாங்க. அதோட பேரே 'பத்தாயிரம் அடி மீட்டர்'. டாக்டர் எழுதிக் குடுத்த அளவு இல்ல, கடைக்காரன் வெச்ச பேரு!

நைனா ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு. மூணு நாள் நடந்தாரு. நாலாம் நாள் திண்ணையில உக்காந்து கையை மட்டும் ஆட்டுனாரு. ஏறுச்சு. அஞ்சாம் நாள் கையும் வலிச்சுது. வாட்ச்சைக் கழட்டி என் பையன் கையில கட்டிட்டாரு. அவன் நேரா வியாசர்பாடி போயி ஃபுட்பால் ஆடுனான்.

சாயங்காலம் துபாய்லேர்ந்து போன். "நைனா! 23,000 அடி! நெஞ்சு 165 அடிக்குது! இன்னா பண்றே நீ?" நைனா வெத்தலையை ஒதுக்கிட்டு நிதானமா சொல்றாரு: "நாய் தொரத்துச்சுடா." "23,000 அடிக்கா?" "விடாத நாய்டா அது!"

சிரிங்க, நானும் சிரிச்சேன். மறுநாள் தம்பி நாய் பிடிக்கிற வண்டிக்கு யார் கிட்ட சொல்லணும்னு என்னைக் கேக்குறான்!

அதுக்கப்புறம் நைனா வாட்ச்சை யாருக்கும் குடுக்கல. நடக்கவும் இல்ல. ஒரு நாள் நானூறு அடி, ஒரு நாள் முந்நூறு. சர்க்கரை ஏறிடுச்சு, டாக்டர் திட்டுறாரு. ராத்திரி பக்கத்துல உக்காந்து கேட்டேன்: "ஏன் நைனா, கால் வலிக்குதா?"

"இல்லடா."

"அப்புறம் ஏன் நடக்கல?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு: "பத்தாயிரம் நடந்த அன்னிக்கி அதுல ஒரு பொம்மை வந்து கை தட்டுதுடா. உன் தம்பி போன் பண்றதில்ல. கொறைஞ்சாதான் பண்றான்."

நடுவர் அவர்களே, மணி அடிச்சிட்டீங்க, தெரியுது, இறங்கிடுறேன். நைனா ராத்திரி மாத்திரையைத் தினம் மறக்கறாரு. நான்தான் ஞாபகப்படுத்தணும். அந்த வாட்ச்சுக்குச் சார்ஜ் போடறதை மட்டும் ஒரு நாள்கூட மறந்ததில்ல.